ஆண்டறிக்கையில் ஓர் ஊர்ப்பெயர்

போன வாரம் ஓர் இளைஞர் வீட்டுக்கு வந்தார். பள்ளிக்கூட ஆசிரியர். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் பத்துப் பன்னிரண்டு முழுத்தாள்.

"ஆண்டு விழா வருது சார். அறிக்கை எழுதுற வேலையை எங்க ஹெட்மாஸ்டர் என் தலையில கட்டிட்டாரு. நீங்க பத்திரிகையில எழுதுறவங்க... கொஞ்சம் மெருகேத்திக் குடுத்தீங்கன்னா..."

வாங்கிப் பார்த்தேன். 'இவ்வாண்டு நம் பள்ளி மாணவர்கள் விளையாட்டுத் துறையில் சிறந்து விளங்கினர்' என்று ஆரம்பித்திருந்தார். உப்புச் சப்பு இல்லாத அறிக்கை. விழாப் பந்தலில் முன்வரிசையில் இருப்பவர்களை ஐந்தே நிமிஷத்தில் தூங்கவைத்துவிடும்.

"ரொம்ப நல்லா இருக்கு தம்பி. ஒரு எழுத்தைக்கூட மாத்தாதீங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அவர் முகம் தொங்கிவிட்டது. தலைக்கனம் பிடித்த ஆள் என்று நினைத்திருப்பார். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அவரிடம் சொல்லாத காரணத்தை உங்களிடம் சொல்கிறேன். வாராவாரம் என் அசட்டுத்தனங்களைப் படித்துச் சிரிக்கிறீர்கள், கடிதமும் போடுகிறீர்கள். இந்த வாரம் சிரிக்க அதிகம் இருக்காது... பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் கடைசியில் நான் காரைக்காலில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். அப்போதே இரண்டு மூன்று பத்திரிகைகளில் என் சிறுகதைகள் வந்திருந்தன. ஸ்டாஃப் ரூமில் எனக்கு 'எழுத்தாளர்' என்று பட்டப்பெயர். கிண்டலாகத்தான் கூப்பிட்டார்கள். எனக்கென்னவோ அது பட்டம் கட்டிய மாதிரிதான் இருந்தது!

அந்த ஊரின் அமைப்பைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். காரைக்கால் பாண்டிச்சேரியைச் சேர்ந்தது. ஆனால் பாண்டிச்சேரியை ஒட்டி இல்லை. மூன்று பக்கமும் தமிழ்நாடு, அன்றைய தஞ்சாவூர் ஜில்லா. நாலாவது பக்கம் கடல். எல்லை என்றவுடன் முள்வேலி, துப்பாக்கி என்று கற்பனை பண்ணிவிடாதீர்கள். ஓர் இடத்தில் வாய்க்கால், இன்னோர் இடத்தில் வயல் வரப்பு. அவ்வளவுதான் எல்லை. அந்த நாளில் தமிழ்நாட்டில் மதுவிலக்கு. அக்கரை ஆண்கள் எங்கள் பக்கம் எதற்காக வந்துபோனார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

தையல்நாயகி மட்டும் புத்தகப் பையோடு வந்தாள்.

பன்னிரண்டாம் வகுப்பு. ஒல்லியான பெண். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், மேலவெளி என்கிற சின்ன ஊர். அப்பா கோவிந்தசாமி, வயல் வேலைக்குக் கூலிக்குப் போகிறவர். அம்மாவுக்கு இழுப்பு நோய். காலையில் இவள் சோறு வடித்து வைத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் வர வேண்டும். அங்கிருந்து நடை. வெயிலோ மழையோ, முதல் மணி அடிப்பதற்கு முன்னால் வகுப்பில் இருப்பாள்.

"படிச்சு என்னம்மா ஆகப் போற?" என்று ஒரு நாள் வகுப்பில் எல்லாரையும் கேட்ட மாதிரி அவளையும் கேட்டேன். ஒருத்தன் கலெக்டர் என்றான், ஒருத்தன் பைலட் என்றான். இவள், "டீச்சர் சார்" என்றாள். "டீச்சரா... வேற எதுவும் பெருசா தோணலையா?" என்றேன். "அதுவே பெருசுதான் சார்" என்றாள். நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

பாண்டிச்சேரியில் அரசாங்கத்தின் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி இருந்தது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கென்று அதில் சில இடங்கள். மார்க்கும் வேண்டும், எங்கள் பக்கமே குடியிருக்கவும் வேண்டும். அவளுக்கு மார்க்கைப் பற்றிக் கவலை இல்லை. அவளுக்கு வேறு எந்தக் கவலையாவது இருக்கும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

அந்த வருஷம் அறிக்கை எழுதும் வேலை என்னிடம் வந்தது. அதுவரை எழுதிக்கொண்டிருந்த சீனியர் வாத்தியாரின் அறிக்கை ரேஷன் கார்டைப் படிக்கிற மாதிரி இருக்கும். இந்த வருஷம் காட்டுகிறேன் பார் என்று உட்கார்ந்தேன்.

எழுதுவதற்கும் விஷயம் குவிந்து கிடந்தது. உண்மையிலேயே நல்ல வருஷம் அது.

வாலிபால் போட்டியில் நடு ஆட்டத்தில் வலை அறுந்துபோனது. ரெஃப்ரீ விசிலை எடுத்து, ஆட்டத்தைத் தள்ளிவைக்கப் போனார். எங்கள் டீமில் பாதிப்பேர் காரைக்கால்மேட்டு மீனவப் பையன்கள். பிறந்ததிலிருந்து வலையோடு வளர்ந்தவர்கள். "கொஞ்சம் இருங்க சார்" என்று நாலு பேர் உட்கார்ந்தார்கள். ரெஃப்ரீ ஒரு சோடா குடித்து முடிப்பதற்குள் வலை தயார். பிறகு ஜெயித்தும் காட்டினார்கள். விஞ்ஞானக் கண்காட்சியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கலங்கரை விளக்கம் செய்தார்கள். விருந்தாளி இருந்தவரை எரியாத பல்பு, அவர் போன பிறகு அழகாக எரிந்தது. ஜெய்னம்பு என்ற பெண் வரைந்த கப்பல் படத்துக்குப் பாண்டிச்சேரியில் பரிசு. "வாப்பா சபர்ல இருக்காங்க சார். அவங்க ஏறிப் போன கப்பல்" என்றாள். கடல் கடந்து பிழைக்கப் போன அப்பாவை அவள் பார்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மழையில் வீடிழந்தவர்களுக்குப் பிள்ளைகள் தெருத்தெருவாகத் துணி சேகரித்தார்கள். ஒரு வீட்டில் கல்யாணப் பட்டுப்புடவையைக் கொடுத்துவிட்டு, மறுநாள் வந்து திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். இதையெல்லாம் எழுதினேன். புடவையை மட்டும் ஹெட்மாஸ்டர் அடித்துவிட்டார்.

எல்லாவற்றுக்கும் சிகரமாக தையல்நாயகி.

பாண்டிச்சேரியில் நடந்த பேச்சுப் போட்டியில் முதல் பரிசு. வருஷம் முழுக்க ஒரு நாள்கூட லீவு இல்லை. பள்ளிக்கூடத்திலேயே அவள் ஒருத்திதான் அப்படி. அந்த வருஷம் ஐப்பசியில் வாய்க்கால் பாலம் முழுகி, டவுனுக்குள் இருந்த வாத்தியார்களே மூன்று நாள் வரவில்லை. இவள் வந்தாள். ஈரப் பாவாடையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன்.

நான் எழுதிய வரிகள் இன்னும் மனப்பாடம். என்ன செய்ய, மறந்து தொலைய மாட்டேன் என்கிறது.

'தஞ்சை மாவட்டத்து மேலவெளியிலிருந்து நாள்தோறும் எல்லை கடந்து கல்வி தேடி வருகிறாள் இந்த மகள். மழை வெள்ளத்தில் பாலம் மூழ்கிய நாளில், இடுப்பளவு தண்ணீரில், புத்தகப் பையைத் தலையில் சுமந்து வாய்க்காலைக் கடந்து வந்தாள். நமக்கும் அவளுக்கும் நடுவே அரசாங்கம் கோடு போட்டிருக்கலாம். கல்விக்கு எல்லை ஏது?'

எப்படி இருக்கிறது? நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் பிரச்சினையே.

விழாவுக்கு முந்தின நாள் மதியம் ஒத்திகை. பரிசு வாங்கும் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, அறிக்கையை மைக் இல்லாமல் ஒரு தடவை வாசித்தேன். ஜெய்னம்பு தன் பேர் வந்ததும் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். வாலிபால் பையன்கள் ஒருவனை ஒருவன் இடித்துக்கொண்டார்கள். தையல்நாயகி அசையாமல் நின்றாள்.

ஒத்திகை முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு ஸ்டாஃப் ரூம் வாசலுக்கு வந்தாள். உள்ளே நாலைந்து வாத்தியார்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சார்..."

"என்னம்மா?"

"அந்த அறிக்கையில... எங்க ஊரு பேரு வேண்டாங்க சார்."

நான் சிரித்தேன். "வெக்கமா இருக்கா?"

"இல்லீங்க சார்..."

"எனக்குத் தெரியும்மா. கூலிக்காரர் மக, குக்கிராமம்னு நாளைக்கு டவுன் பிள்ளைங்க கேலி பண்ணுவாங்கன்னு பயம். அதானே?"

அவள் உள்ளே இருந்த மற்ற வாத்தியார்களைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "கோவில்பத்துன்னு போடலாங்களா சார்? எங்க மாமா வீடு அங்கதான் இருக்கு..."

கோவில்பத்து காரைக்காலை ஒட்டிய இடம். ஆபீஸ் வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் அங்கே குடியிருந்தார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

"பார்த்தீங்களா சார் கதையை!" என்றேன் மற்றவர்களைப் பார்த்து. "வளர்ற பிள்ளைக்கு டவுன் அட்ரஸ் வேணுமாம்!" பிறகு அவளைப் பார்த்து ஒரு பிரசங்கம் செய்தேன். சொந்த ஊரை மறைக்கிறவர்கள் வாழ்க்கையில் முன்னுக்கு வர மாட்டார்கள், நாளைக்கு நீ டீச்சராகி இதே மேடையில் நின்று மேலவெளிக்காரி என்று பெருமையாகச் சொல்ல வேண்டும்... இப்படியே ஐந்து நிமிஷம். பக்கத்தில் இருந்த கணக்கு வாத்தியார் தலையை ஆட்டி ரசித்தார்.

அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. என் பேச்சு பலித்துவிட்டது என்று நினைத்தேன்.

"போம்மா. நாளைக்குத் தலை நிமிர்ந்து நில்லு" என்றேன்.

போனாள்.

மறுநாள் விழா. கல்வித் துறையிலிருந்து ஓர் அதிகாரி பாண்டிச்சேரியிலிருந்து சிறப்பு விருந்தினராக வந்திருந்தார். அச்சடித்த அறிக்கையை முன்வரிசைக்கெல்லாம் கொடுத்தோம். நான் மைக்கைப் பிடித்தேன். அந்தப் பந்தலில் ஒருத்தரும் தூங்கவில்லை! வலை கட்டியதற்குச் சிரிப்பு, கப்பல் படத்துக்குக் கைதட்டல். தையல்நாயகியின் பத்திக்கு வந்தபோது குரலைத் தழைத்து, நிறுத்தி, ஊர்ப்பெயரை அழுத்தி வாசித்தேன். 'கல்விக்கு எல்லை ஏது?' என்று முடித்தபோது கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

அதிகாரி தன் பேச்சை மடித்துப் பையில் வைத்துவிட்டு அந்தப் பெண்ணைப் பற்றியே பேசினார். அவளை மேடைக்குக் கூப்பிட்டுத் தலையில் கை வைத்தார். "தமிழ்நாட்டிலிருந்து தண்ணீரைத் தாண்டி நம்ம பள்ளிக்கூடத்துக்கு வருதே இந்தக் குழந்தை... இதை நான் மறக்கவே மாட்டேன்" என்றார்.

மறக்கவில்லை.

பந்தலின் கடைசியில், கேட்டுக்குப் பக்கத்தில், கோவிந்தசாமி நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. அதிகாரி பேசிக்கொண்டிருக்கும்போதே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். மகளின் பெருமை தாங்காமல் அழுகிறார் மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். அதை அடுத்த கதைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றுகூட மனசுக்குள் குறித்துவைத்தேன். எழுதுகிறவன் புத்தி அப்படி.

பரீட்சை முடிந்தது. ரிசல்ட் வந்தது. பள்ளிக்கூடத்தில் அவள்தான் முதல். பயிற்சிப் பள்ளிக்கு விண்ணப்பம் போட்டாள்.

ஆடி மாதம் ஒரு நாள் காலையில் கோவிந்தசாமி என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கவர்.

"இங்கிலீசுல வந்துருக்குங்க சார். புள்ள படிச்சுட்டு ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது. நீங்க படிச்சுச் சொல்லுங்க."

நாலே வரிக் கடிதம். விண்ணப்பதாரர் இந்தப் பிரதேசத்தில் வசிப்பவர் அல்ல என்று தெரியவருவதால் நிராகரிக்கப்படுகிறது.

"எடம் இல்லேங்குறாங்க" என்றேன். "நீங்க நம்ம பக்கத்து ஆள் இல்லையாம்."

அவர் கடிதத்தைத் திரும்ப வாங்கி நாலாக மடித்தார். "அன்னைக்கே நெனச்சேன் சார்" என்றார்.

"என்னைக்கு?"

"விழா அன்னைக்குத்தான். நீங்க ஊரு பேரைச் சொன்னீங்கள்ல..." என்னைக் குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி தொடர்ந்தார். "நீங்க நல்லதுக்குத்தான் பண்ணுனீங்க. அது எங்களுக்குத் தெரியும் சார்."

அப்போதுதான் எனக்கு விஷயமே புரிந்தது. அவர் வாயிலிருந்தே ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அவர் மனைவி கோவில்பத்துப் பெண். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம்தானே? தையல்நாயகி பிறந்தது கோவில்பத்தில், மாமா வீட்டில். பிறப்பைப் பதிந்தது காரைக்கால் மேரியில். முனிசிபாலிட்டியை எங்கள் ஊரில் பழைய ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். பிரெஞ்சுக்காரன் விட்டுவிட்டுப் போன வார்த்தை. மாமா வீட்டு ரேஷன் கார்டில் அவள் பேர் இருந்தது. முதல் வகுப்பிலிருந்து படித்ததெல்லாம் இந்தப் பக்கம்தான். பிறந்தது இந்தப் பக்கம், படித்தது இந்தப் பக்கம், தூங்கினது மட்டும் அந்தப் பக்கம். ஆனால் விதிக்குத் தூக்கம்தான் முக்கியம். எந்தக் கூரைக்குக் கீழே படுக்கிறாயோ அந்த அரசாங்கத்துப் பிள்ளை நீ.

எல்லை ஓரத்தில் இது ஊரறிந்த ரகசியம். அடுப்பு ஒரு பக்கம், ரேஷன் கார்டு ஒரு பக்கம் என்று எத்தனையோ குடும்பங்கள். யாரும் கேட்க மாட்டார்கள், யாரும் சொல்லவும் மாட்டார்கள். 'வீடு எங்கே என்று யார் கேட்டாலும் கோவில்பத்து என்று சொல்' என்று அந்தப் பெண்ணுக்குச் சின்ன வயசிலேயே சொல்லி வளர்த்திருக்கிறார்கள். ஊர்ப்பெயர் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஈரப் பாவாடையோடு அவள் வந்த அன்று, 'எங்கிருந்தும்மா இப்படி நனைஞ்சு வர்றே?' என்று நான் பதறிக் கேட்டதற்கு, குளிரில் நடுங்கிக்கொண்டே உண்மையைச் சொல்லிவிட்டாள். ஒரே ஒரு தடவை, ஒரு வாத்தியாரை நம்பிச் சொன்னாள். அந்த வாத்தியார் அதை அச்சடித்து, மைக்கில் வாசித்து, கல்வித் துறை அதிகாரியின் கையிலும் ஒரு பிரதி கொடுத்தான்.

டவுனுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவன் நான். என் அடுப்பும் என் ரேஷன் கார்டும் என்றைக்கும் ஒரே வீட்டில்தான் இருந்தன. எனக்கு எப்படித் தெரியும்... என்று கொஞ்ச நாள் சொல்லிப் பார்த்தேன். எனக்கே எடுபடவில்லை.

அன்றைக்கே ஹெட்மாஸ்டரிடம் ஓடினேன். அவர் மேஜை டிராயரைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். பள்ளிக்கூடத்திடம் விளக்கம் கேட்டு வந்த கடிதம். அதோடு எங்கள் அறிக்கையே இணைக்கப்பட்டிருந்தது. 'தஞ்சை மாவட்டத்து மேலவெளியிலிருந்து' என்ற வரிக்குக் கீழே சிவப்புப் பென்சில் கோடு.

"போன மாசமே வந்துச்சு. நான் என்ன பதில் எழுத முடியும் சொல்லுங்க? அறிக்கையில என் கையெழுத்து இருக்கு. எழுதினது பொய்னு எழுதவா?"

"நான் நேர்ல போய்ப் பேசுறேன் சார்" என்றேன்.

"போங்க. ஆனா பார்த்துப் பேசுங்க. உங்களுக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகல."

அந்தக் கடைசி வாக்கியம் பாண்டிச்சேரி போகும்வரை பஸ்ஸில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தது.

அதிகாரி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கைகொடுத்தார். அவர் கெட்டவரே இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். நல்ல மனுஷர், நல்ல ஞாபகசக்தி. தேர்வுக் கமிட்டியில் அவரும் ஒருவர். விண்ணப்பத்தில் பேரைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டிருக்கிறார். கோவில்பத்து என்ற முகவரியைப் பார்த்ததும் குழம்பியிருக்கிறார். அறிக்கையை எடுத்து ஒப்பிட்டிருக்கிறார்.

"எனக்கும் வருத்தம்தான் சார்" என்றார். "ஆனா தெரிஞ்சே எப்படிக் கையெழுத்துப் போடுறது? அந்த எடம் இந்தப் பக்கத்து இன்னொரு ஏழைப் பொண்ணுக்குப் போகணும் இல்லையா?"

நியாயமான கேள்வி.

"சார்... அந்த அறிக்கை..." என்று இழுத்தேன். "விழாவுக்காக எழுதினது. அதுல கொஞ்சம் கற்பனையும் உண்டு."

அவர் முன்னால் சாய்ந்தார். முகத்தில் ஆவல். இன்றைக்கும் சொல்வேன், அவளைக் காப்பாற்ற அவருக்கும் ஒரு காரணம் தேவைப்பட்டது.

"எது கற்பனை? தண்ணியா, ஊரா?"

ஊர் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. என் வாய்வரை வந்துவிட்டது.

"ஊர்னு சொல்றதா இருந்தா எழுத்துல குடுங்க. ஃபைல்ல சேர்த்துடலாம்" என்றார் அவரே. பக்கத்து மேஜையில் கிளார்க் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துப் பேனா மூடியைக் கழற்றினார். பள்ளிக்கூட அறிக்கையில் பொய்த் தகவல் எழுதினேன் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்கு யாராவது விசாரிக்க மேலவெளிக்குப் போனால்? எனக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம். வேலை நிரந்தரம் ஆகவில்லை.

"தண்ணி, சார்" என்றேன்.

ஈரப் பாவாடையை நான் கண்ணால் பார்த்திருந்தேன். அந்த அறிக்கையிலேயே அதைவிட உண்மையான வரி கிடையாது. அதைப் பொய் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதிகாரி நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். "தண்ணியால என்ன ஆகப்போகுது..." என்று மெதுவாகச் சொன்னார். பிறகு எனக்கு டீ வரவழைத்தார். குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

அடுத்த வருஷம் அக்கரையில் அவள் முயற்சி செய்திருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். செய்தாள். 'பிறப்புச் சான்றிதழ் காரைக்கால், பள்ளிச் சான்றிதழ் காரைக்கால், நீ எப்படி இந்தப் பக்கம் ஆவாய்?' என்று அங்கே கேட்டார்கள். அதற்குள் அம்மாவுக்கு நோய் முற்றிவிட்டது. அம்மா கண்ணை மூடுவதற்குள் கல்யாணத்தைப் பார்க்க வேண்டும் என்றார்கள். பத்திரிகை வைக்க கோவிந்தசாமியேதான் வந்தார். நான் ஊரில் இருந்தும் கல்யாணத்துக்குப் போகவில்லை.

எனக்கு வேலை நிரந்தரமானது. அதையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா? பிறகு பல வருஷம் வாத்தியாராக இருந்துவிட்டு, வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக எழுத வந்தேன். எதை எதையோ எழுதினேன். இதை மட்டும் எழுதவில்லை.

போன வருஷம் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். ஓட்டுக் கட்டடம், முன்னால் ஒரு வேப்பமரம். விழா முடிந்ததும் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். சத்துணவு. பரிமாறிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்து, கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"சார், நல்லா இருக்கீங்களா? நான் தையல்நாயகி சார்."

அடையாளம் தெரிந்தது. தெரியாத மாதிரி இருந்திருக்கலாம் என்றும் தோன்றியது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் சமையல் உதவி. புருஷன் டிராக்டர் ஓட்டுகிறார். கடைசி மகள் அங்கேயே இரண்டாம் வகுப்பு. வரிசையில் நின்ற ஒரு சின்னப் பெண்ணைக் காட்டினாள். "சாருக்கு வணக்கம் சொல்லு" என்றாள். குழந்தை தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டது. அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்த இரண்டு டீச்சர்களைவிட அதிக மார்க் வாங்கியவள் அங்கே சோற்றுக் கரண்டி பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகள் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தேன். அவள் அண்டாவைக் கவிழ்த்துவிட்டு வந்ததும், எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்புப் பென்சில் கோடு. பஸ் பயணம். தண்ணியா, ஊரா. நான் சொன்ன பதில். டீ குடித்தது உட்பட.

அவள் கரண்டியைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"தண்ணி நெசந்தான் சார்" என்றாள் கடைசியில். "ஆனா இடுப்பு இல்ல. கழுத்து வரைக்கும். அப்பா தோள்ல ஏத்திக்கிட்டு வந்தாங்க."

அதையும் நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. இடுப்பளவு என்பது நானாகப் போட்டுக்கொண்டது.

"என்மேல உனக்குக் கோபம் இல்லையாம்மா?"

"அதெல்லாம் எப்பவோ போச்சு சார்." அடுப்பில் மிச்சமிருந்த கொள்ளியை இழுத்துத் தண்ணீர் தெளித்தாள். "இருந்துச்சு. இல்லாம இல்ல."

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. இல்லவே இல்லை என்று சொல்லியிருந்தால் தாங்கியிருக்க மாட்டேன். தைரியம் வந்து, இத்தனை வருஷமாக உள்ளே அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

"அன்னைக்கு ஸ்டாஃப் ரூம் வாசல்ல வந்து நின்னியே... காரணத்தை ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த ஊர்ப்பேரை அடிச்சிருப்பேனேம்மா. ஏன் சொல்லலே?"

அவள் ஆச்சரியமாக என்னைப் பார்த்தாள். எனக்கு இது தெரியாதா என்கிற மாதிரி.

"நீங்கதான் ஏன்னு கேக்கவே இல்லையே சார்."

பதினெட்டு வருஷம் கேள்வி கேட்டே சம்பளம் வாங்கியவன் நான்.